சும்மா போறவங்களுக்கு என்ன பேரு?

விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, பையைத்தான் இன்னும் கட்டல, சரி பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு போன் பண்ணேன். பண்ணியிருக்கக் கூடாது.

"எங்கடி போற?"

"சான்சிபார் பெரியம்மா. ஆப்பிரிக்கா பக்கம் ஒரு தீவு."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"யாரும் இல்ல."

"ஆபீஸ்ல அனுப்புறாங்களா?"

"இல்ல, லீவு போட்டிருக்கேன்."

"ஏதாவது வேண்டுதலா?"

"ஐயோ அதெல்லாம் இல்ல பெரியம்மா, சும்மா சுத்திப் பாக்கத்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல, லைன் கட் ஆயிடுச்சோன்னு போனைக் காதுல இருந்து எடுத்துப் பார்த்தேன், இல்ல, ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அப்புறம் மெதுவா வந்துச்சு: "இவ்ளோ காசு போட்டு... சும்மாவா?"

அந்த 'சும்மாவா'வுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா மண்டைக்குள்ள அது மாட்டிக்கிச்சு, பிளைட்ல உக்காந்து பாதி நேரம் இதையேதான் யோசிச்சேன். லீவு போட்டு, சொந்தக் காசுல, ஒரு வேலையும் இல்லாம, யாரும் இல்லாத ஊருக்குப் போய் பராக்குப் பாத்துட்டுத் திரும்பி வர்ற ஆளுக்கு நம்ம மொழியில என்னதான் பேரு?

கிளம்பிப் போறவங்களுக்குத் தமிழ்ல பேருக்குப் பஞ்சமே இல்ல. ஆனா ஒவ்வொரு பேருக்குள்ளயும் ஒரு காரணம் ஒட்டிக்கிட்டே இருக்கு. யாத்ரீகர்னா சாமி. வணிகர்னா சரக்கு. திரைகடல் ஓடியும்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தையே திரவியம்தான், திரைகடல் ஓடியும் வேடிக்கை பாருன்னு யாரும் சொல்லி வைக்கல. வழிப்போக்கர்னா அவரு வேற எங்கேயோ போறவரு, நடுவுல இங்க கொஞ்சம் நிக்கிறாரு, இது அவரு வரணும்னு வந்த இடம்கூடக் கிடையாது. காரணமே இல்லாம அலையுறவனுக்குன்னு தேடினா கிடைக்கிறது பூரா திட்டுதான். நாடோடி. ஊர்சுத்தி. பரதேசி.

இந்தப் பரதேசி கதைதான் இருக்கிறதிலேயே பாவம். பர தேசம்னா வேற தேசம், பரதேசின்னா வேற தேசத்துக்காரர், அவ்ளோதான், அதுல ஒரு கெட்ட அர்த்தமும் இல்ல. கொச்சியில 1568-ல கட்டின யூதர் ஆலயத்துக்கு இன்னிக்கும் பரதேசி ஜெப ஆலயம்னுதான் பேரு, வெளிநாட்டுல இருந்து வந்த யூதர்கள் கட்டினதுன்னு அர்த்தம், அதை யாரும் திட்டா எடுத்துக்கல. அதே வார்த்தை ஹிந்திக்குப் போனா 'பர்தேசி'ன்னு காதலனைக் கூப்பிடுற மாதிரி உருகுது. நம்ம பக்கம் ஊர் ஊராப் போய் பிச்சை எடுத்துச் சாப்பிட்ட சாமியார்களுக்கு அந்தப் பேர் போச்சு, அங்க இருந்து பிச்சைக்காரனுக்குப் போச்சு, அங்க இருந்து கோவம் வந்தா யாரை வேணா சொல்லலாம்னு ஆயிடுச்சு. இப்ப நான் பரதேசம் போனேன், அதனால நான் பரதேசின்னு இலக்கணப்படி சரியாச் சொன்னாலும் கேக்கறவங்க சிரிக்கத்தான் செய்வாங்க.

ஊர்சுத்தியும் லேசுப்பட்டது இல்ல. பையனைச் சொன்னா அதுல பாதி செல்லம் இருக்கும், "எங்கடா போய் ஊர் சுத்திட்டு வர"ன்னு கேட்டுட்டுத் தட்டுல சோத்தைப் போடுவாங்க. பொண்ணை அதே வார்த்தை சொன்னா வேற அர்த்தம், அதை நான் இங்க விளக்க வேண்டியது இல்ல. இத்தனைக்கும் சுத்துறதுங்கிறது பெருமையாவும் இருந்திருக்கு, ஏ.கே. செட்டியாருக்கு 'உலகம் சுற்றிய தமிழன்'னு பட்டமே கொடுத்தாங்க. ஆனா பாருங்க, அவரும் சும்மா சுத்தல, காந்தி பத்தி ஆவணப்படம் எடுக்கறதுக்காக 1930-கள் கடைசியில நாடு நாடாப் போய் பிலிம் சேகரிச்சவரு. பெரியம்மா கேட்டிருந்தா அவருகிட்ட சொல்றதுக்குப் பதில் இருந்திருக்கும்.

சரி, சுற்றுலாப் பயணி இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு, நல்ல வார்த்தைதான், ஆனா அதை யாராவது வாயால சொல்லிக் கேட்டிருக்கீங்களா? போர்டுல இருக்கும், நியூஸ்ல இருக்கும், "அருவியில் குளிக்க சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை"ன்னு வரும். வீட்டுல யாரும் "நான் அடுத்த வாரம் சுற்றுலாப் பயணியாப் போறேன்"னு சொல்றது இல்ல. டூர் போறேன், டிரிப் போறேன், வெகேஷன் போறேன், முடிஞ்சது.

எனக்கு சுற்றுலாங்கிற வார்த்தையில பிடிச்சது கடைசியில இருக்கிற 'உலா'. உலான்னா ராஜாவோ சாமியோ வீதியில பவனி வர்றது, அதுக்குன்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு, தலைவன் யானை மேலயோ தேர் மேலயோ வருவான், பேதையில இருந்து பேரிளம்பெண் வரைக்கும் ஏழு பருவத்துப் பொண்ணுங்களும் அவனைப் பார்த்து மயங்குவாங்க. அதாவது உலாவுல போறவன் வேடிக்கை பாக்கறவன் இல்ல, அவன்தான் வேடிக்கை. நாம என்னமோ ஊரைப் பாக்கப் போறோம்னு நெனச்சுக்கிட்டு கேமரா தொப்பி சகிதம் இறங்குறோம், தெருவே நின்னு நம்மளைப் பாக்குது. வார்த்தை சரியாத்தான் இருக்கு. (ஏழு பருவமும் மயங்குதாங்கிறது வேற விஷயம்.)

இங்கிலீஷ்ல இருக்கிற டூரும் இதே சுத்துதான். லத்தீன்ல தோர்னுஸ்னா கடைசல் இயந்திரம், மரத்தை வச்சுச் சுத்தவிட்டுக் கடையுறது, அது பிரெஞ்சு வழியா வந்து டூர் ஆச்சு. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தாதான் டூர். டிராவல் அப்படி இல்ல, அது பிரெஞ்சு 'திரவாய்' கிட்ட இருந்து வந்தது, உழைப்புன்னு அர்த்தம், அதுக்கும் பின்னால போனா மூணு கழி நட்டு ஆளைக் கட்டி வதைக்கிற ஒரு கருவி பேர்ல போய் நிக்குது. நைட்டு ரெண்டு மணிக்கு கனெக்‌ஷன் பிளைட்டுக்காக ஏர்போர்ட் இரும்பு நாற்காலியில கழுத்து சாயச் சாயத் தூங்கினவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல.

லீவுங்கிற வார்த்தையையும் சும்மா விட முடியல. இங்கிலீஷ்ல லீவுக்கு மூல அர்த்தம் அனுமதி. ஜெர்மன்காரங்க விடுமுறையை ஊர்லாப்னு சொல்றாங்க, அதுவும் அனுமதிதான், ரெண்டும் தூரத்துச் சொந்தம். ஆக ஜெர்மன்ல விடுமுறைக்குப் போறவரு, ஊர்லாவுபர், சொல்லுப்படி பாத்தா அனுமதி வாங்கிட்டு வந்தவரு. பத்து நாள் லீவு அப்ரூவ் ஆகறதுக்குள்ள நான் அனுப்பின மெயிலை எல்லாம் நெனச்சா இதைவிட நேர்மையான வார்த்தை கிடையாது. பிரெஞ்சுல வக்கான்ஸ்னா காலியா இருக்கிறது. அதுலயும் அவங்க எந்த மாசம் போறாங்கன்னு பேர் வச்சிருக்காங்க, ஜூலையில போறவங்க ஜூயெத்திஸ்த், ஆகஸ்டுல போறவங்க அவுசியான், ரெண்டு கோஷ்டி மாதிரி. கனடாவுல குளிருக்குப் பயந்து புளோரிடா பக்கம் போய் மாசக்கணக்கா உக்காந்துட்டு வர்ற பெரியவங்களுக்கு ஸ்னோபேர்டுன்னு பேரு. நம்மகிட்ட 'வலசை'ன்னு ஒரு அழகான வார்த்தை இருக்கு, பறவைகளுக்கு மட்டும் கொடுத்துட்டு சும்மா இருக்கோம். சோவியத் காலத்துல ரஷ்யாவுல டூர் சீட்டு வாங்காம தானாப் போய் கடற்கரையில இடம் பிடிச்சுத் தங்கினவங்களை 'காட்டுமிராண்டி'ன்னே சொன்னாங்களாம், அவங்களும் "இந்த வருஷம் நாங்க காட்டுமிராண்டியாப் போறோம்"னு சந்தோஷமாச் சொல்லிப்பாங்களாம்.

இதெல்லாம் போறவங்க ஊர்ல வச்ச பேரு. போய் இறங்குற ஊர்ல வைக்கிற பேருதான் சுவாரசியம், ஏன்னா அது நம்ம முதுகுக்குப் பின்னாடி வைக்கிறது.

ஸ்பெயின்ல வெளிநாட்டு டூரிஸ்டுக்கு 'கிரி'ன்னு பேரு. 19-ம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்ல கிறிஸ்தினா ராணி பக்கம் நின்னவங்களை எதிர்த்தரப்பு பாஸ்க் மொழியில கூப்பிட்ட பேரோட சுருக்கம்னு அகராதி சொல்லுது. எதிரிக்கு வச்ச பேரு எப்படி எப்படியோ உருண்டு, வெயில்ல செவந்து போய் செருப்புக்குள்ள சாக்ஸ் போட்டு நடக்கிற ஆள் மேல வந்து ஒட்டிக்கிச்சு. ஜப்பான்ல கைஜின், வெளி ஆள். தாய்லாந்துல வெள்ளைக்காரங்களுக்கு பராங். இந்தப் பராங் நமக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், நம்ம பரங்கியேதான். பிராங்க்னு ஐரோப்பாவுல ஒரு கூட்டம், அரபு பாரசீகம் வழியா கிழக்க வந்து இங்க பரங்கி ஆச்சு, அங்க பராங் ஆச்சு. கப்பல்ல வந்த புதுக் காய்க்கு நாம பரங்கிக்காய்னு பேர் வச்சோம், அவங்க அதே மாதிரி வந்த கொய்யாவுக்குப் பராங்னே வச்சுட்டாங்க. வெள்ளைக்காரர் கொய்யா சாப்பிட்டா பராங் பராங் சாப்பிடுறார்னு அங்க ஒரு பழைய ஜோக்.

ஆளுக்கும் காய்க்கும் ஒரே பேர் வைக்கிறது மனுஷங்களுக்கு ஏதோ பழக்கம் போல, அது எனக்கே நடந்துச்சு.

சான்சிபார்ல ஸ்டோன் டவுன்னு பழைய ஊர், சந்துன்னா சந்து, ரெண்டு பேர் எதிர எதிர வந்தா ஒருத்தர் வாசப்படியில ஏறி நிக்கணும். நானும் தங்கின இடத்துல பழக்கமான ஒரு போலந்துப் பொண்ணும் வழி தெரியாம மூணாவது தடவையா அதே செதுக்கின கதவு முன்னாடி வந்து நின்னோம். திண்ணையில ரெண்டு வாண்டுங்க. அவளைப் பாத்ததும் "ம்ஸுங்கு! ம்ஸுங்கு!"ன்னு ஒரே கத்தல். அவ கையாட்டினா. எனக்கு என்ன பேர் வரும்னு நான் நின்னேன், ஆசையாவே நின்னேன். பெரியவன் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தான், தம்பிகிட்ட மெதுவா "ம்ஹிந்தி"ன்னான், கத்தக்கூட இல்ல, ஏதோ தினம் பாக்கற சாமான் மாதிரி சொல்லிட்டுத் திரும்பவும் அவளைப் பாத்துக் கத்த ஆரம்பிச்சுட்டான். அந்தக் கடற்கரையில இந்தியர்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, நான் அங்க புதுசே இல்ல. கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு.

சாயங்காலம் தங்கின இடத்துப் பெரியவர்கிட்ட கேட்டேன். ம்ஸுங்குன்னா அவங்க பேசுற சுவாஹிலி மொழியில 'ஸுங்குகா'ல இருந்து வந்ததுன்னு சொல்லி விரலைக் காத்துல வட்டமாச் சுத்திக் காமிச்சாரு, சுத்துறவன். ஒரு இடத்துல நிக்காம சுத்திக்கிட்டே இருந்த ஐரோப்பாக்காரங்களைப் பாத்து வச்ச பேரு. எனக்குச் சிரிப்பு தாங்கல, ஊர்சுத்தி! நம்ம ஊர்சுத்தியேதான், கடல் தாண்டி இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் மேல உக்காந்திருக்கு. அப்ப ம்ஹிந்தி? அது இந்தியாக்காரர்தான், ஆனா மஹிந்தின்னு கொஞ்சம் இழுத்தா மக்காச்சோளம்னாரு. சரி, பரங்கிக்காய்க்கு வச்ச வட்டி வந்து சேந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

டூரிஸ்டுக்கு அங்க சரியான வார்த்தை ம்டாலின்னு ஒண்ணு இருக்கு, அது நம்ம சுற்றுலாப் பயணி மாதிரி, போர்டு வார்த்தை. ஆனா அவரு என்கிட்ட கையெழுத்து வாங்கின நீளமான நோட்டுல, மேல கட்டம் கட்டி, பேரு, பாஸ்போர்ட் நம்பர், எங்க இருந்து வரீங்க, அடுத்து எங்க போறீங்க எல்லாம் கேட்டிருந்த அந்த நோட்டு அட்டையில, 'கிதாபு சா வாகெனி'ன்னு எழுதியிருந்துச்சு. வாகெனின்னா விருந்தாளிகள். ஒருத்தர்னா ம்கெனி. அதே ம்கெனிக்கு அந்நியர், வெளி ஆள்ங்கிற அர்த்தமும் உண்டு, எந்த ம்கெனிங்கிறதை சொல்றவங்க முகத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். கிரேக்கத்துல க்ஸெனோஸ்ங்கிறதும் இப்படித்தான், அந்நியரும் அதுதான் விருந்தாளியும் அதுதான், இன்னிக்கும் ஓட்டலுக்கு அங்க பேரு க்ஸெனோதொகியோ, அந்நியரை ஏத்துக்கிற இடம். ஜப்பான்ல டூரிஸ்டுக்கு கான்கோக்யாகு, எழுத்துக்கு எழுத்து பிரிச்சா ஒளி பாக்க வந்த விருந்தாளி. நம்ம விருந்துக்கும் பழைய அர்த்தம் புதுமை, புதுசா வந்தவங்கதான் விருந்து, சாப்பாடு எல்லாம் அப்புறம் ஒட்டிக்கிட்டது. இப்ப நாம விருந்துன்னா இலையை மட்டும் பாக்கறோம், ஆளைப் பாக்கறது இல்ல.

இன்னொண்ணு இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். டூரிஸ்டா போற யாரும் தன்னை டூரிஸ்டுன்னு ஒத்துக்க மாட்டாங்க. "வி ஆர் நாட் டூரிஸ்ட்ஸ், வி ஆர் டிராவலர்ஸ்." அதே கோட்டை முன்னாடி அதே க்யூல நின்னு அதே போட்டோ எடுத்துட்டு இன்ஸ்டாவுல நான் டிராவலர்னு போடுறது. இது புதுசும் இல்ல. 1841 ஜூலை 5-ம் தேதி தாமஸ் குக்குன்னு ஒருத்தர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிட்டு லெஸ்டர்ல இருந்து லாஃப்பரோவுக்கு சுமார் 500 பேரை ரயில்ல கூட்டிட்டுப் போனாரு, மதுவிலக்குக் கூட்டத்துக்கு. அப்புறம் அது வளந்து வெளிநாட்டு டூர் ஆச்சு, குமாஸ்தா டீச்சர் எல்லாம் இத்தாலி பாக்க ஆரம்பிச்சதும்தான் பணக்காரங்க டூரிஸ்டுங்கிற வார்த்தையை மூக்கைச் சுளிச்சுச் சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்தச் சுளிப்பு இன்னும் போகல. என்னைக் கேட்டா, ரிட்டர்ன் டிக்கெட்டும் திங்கக்கிழமை ஆபீஸும் இருந்தா நீங்க டூரிஸ்டுதான், அதுல என்ன வெக்கம்.

அரசாங்கக் கணக்குல இந்தப் பீத்தல் எல்லாம் செல்லாது. ஐ.நா. சுற்றுலா அமைப்போட வரையறைப்படி, வழக்கமா இருக்கிற இடத்தை விட்டு வெளிய போய், ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி, போன ஊர்ல சம்பளத்துக்கு வேலை பாக்காம, குறைஞ்சது ஒரு ராத்திரி தங்கினா டூரிஸ்ட். தங்காம அன்னிக்கே திரும்பினா அவரு டூரிஸ்ட் இல்ல, ஒருநாள் பார்வையாளர், தனிக் கணக்கு. இந்த ஒரு ராத்திரி வித்தியாசம் இப்ப காசாவும் ஆயிடுச்சு. வெனிஸ்ல 2024 ஏப்ரல் 25-ல இருந்து சில நாட்கள்ல பகல்ல மட்டும் வந்து போறவங்களுக்கு 5 யூரோ கட்டணம் வச்சாங்க, ராத்திரி தங்குறவங்களுக்கு அது கிடையாது. இத்தாலியில இப்படி வந்து போறதுக்கு ஒரு பேரே இருக்கு, 'மோர்தி எ ஃபுஜ்ஜி', கடிச்சிட்டு ஓடுறது. கூட்டம் தாங்க முடியாம பார்சிலோனாவுல 2024 ஜூலையில வெளிய உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த டூரிஸ்டுங்க மேல வாட்டர் கன்ல தண்ணி அடிச்சாங்க, வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. 1950-ல உலகம் முழுக்க சுமார் 2.5 கோடியா இருந்த வெளிநாட்டு டூரிஸ்ட் வருகை 2019-ல சுமார் 146 கோடி, அவங்க கோவத்துலயும் நியாயம் இல்லாம இல்ல.

ஆனா அந்த வரையறையைத் திரும்ப ஒருதடவை படிச்சுப் பாருங்க. எதுக்காகப் போனீங்கங்கிறதே அதுல பிரச்சினை இல்ல. சாமி கும்பிடப் போனாலும், மீட்டிங்குக்குப் போனாலும், சொந்தக்காரங்களைப் பாக்கப் போனாலும் டூரிஸ்ட்தான்.

திரும்பி வந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நாலு வருஷம் முன்னாடி அக்கா பிரசவத்துக்கு அமெரிக்கா போய் அஞ்சரை மாசம் இருந்துட்டு வந்தவங்க அவங்க. ஐ.நா. கணக்குப்படி நீங்களும் டூரிஸ்ட்தான் பெரியம்மா, உங்க பாஸ்போர்ட்ல இருக்கிறதுகூட டூரிஸ்ட் விசாதான்னு எடுத்துக் காமிச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பாத்தாங்க.

"அவன் என்னத்தை வேணா எழுதிக்கட்டும். நான் பிள்ளை குளிப்பாட்டப் போனேன். ஊரா பாத்தேன்?"

"அருவி எல்லாம் பாத்துட்டு வந்தீங்களே, போட்டோ இருக்கே."

"அது அவங்க கூட்டிட்டுப் போனாங்க, போனேன்."

அதுக்குள்ள பக்கத்து வீட்டம்மா வந்தாங்க, யாரு இது உங்க தங்கச்சி பொண்ணான்னு என்னைப் பாத்துக் கேட்டாங்க. பெரியம்மா பாஸ்போர்ட்டை மூடி பீரோவுல வச்சுட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டே சொன்னாங்க.

"ஆமா, நான் சொன்னேன்ல. சும்மா போயிட்டு வந்தவ, இவதான்."